இயந்திரத்திடம் சாவியைக் கொடுப்பதற்கு முன்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்தது. மழை வலுப்பதற்கு முன்பே வேளச்சேரி, பள்ளிக்கரணை மேம்பாலங்களின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றுவிட்டன. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் முந்தைய இரவே காரை மேலே ஏற்றி நிறுத்திவிட்டு வீடு திரும்பியிருந்தார்கள். பாலத்தில் நிறுத்தினால் அபராதம் என்று செய்தி பரவியது. காவல்துறை அதை மறுத்தது. அபராதமே விழுந்தாலும் என்ஜினுக்குள் தண்ணீர் போனால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான் என்று கணக்குப் போட்டே பலர் அங்கே நிறுத்தினார்கள்.

தென்சென்னைப் புறநகரில் காரை எங்கே விடுவது என்பதைப் பற்றி எந்தத் திட்ட அறிக்கை எழுதுவதானாலும் இந்தக் காட்சியிலிருந்து தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிய பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. தரைத்தளத்திலும் அதற்குக் கீழேயும் நின்ற வண்டிகளின் கதி என்ன ஆனது என்று இங்கே தெருவுக்கு ஒருவர் சொல்வார். உயரம் இவர்களுக்கு வேண்டியதுதான். ஒன்றன்மேல் ஒன்றாகக் காரை அடுக்கும் யோசனையே இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியிருந்தும், கார்களைத் தூக்கி அடுக்கும் தானியங்கி பார்க்கிங் என்ற பேச்சு வந்தால் முகத்தில் முதலில் தெரிவது தயக்கம். “அது வேலை செய்யுமா?” என்பது முதல் கேள்வி. “நடுவில் நின்றுபோனால் யாரைக் கேட்பது?” என்பது இரண்டாவது.

இந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கும் பழக்கம் அதிகாரிகளிடமும் பொறியாளர்களிடமும் இருக்கிறது. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்ற ஒரு வரியோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. இந்தத் தொழில்நுட்பம் போன இடங்களில் எல்லாம் என்ன நடந்தது என்று பார்த்தால், அந்த இரண்டு கேள்விகளும் மிகச் சரியான கேள்விகள் என்றே தெரிகிறது.

முதலில், இது ஏன் தாம்பரத்துக்கு ஆசை காட்டுகிறது என்று பார்க்கலாம். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் அதற்குள் அடக்கம். மொத்தம் 70 வார்டுகள். ஊர் பெரிதானது, தெருக்கள் பழைய அகலத்திலேயே இருக்கின்றன. மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலையின் கடைகளுக்கு வருகிறவர்கள், ரயிலுக்கு வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர்கள், ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் பிடிக்க வருகிறவர்கள் என்று மூன்று கூட்டம் ஒரே இடத்தில் மோதுகிறது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்தே தாம்பரம் ‘வந்து ஏறுகிற’ ஊர். அன்று நடந்தும் சைக்கிளிலும் வந்தவர்கள் இன்று ஸ்கூட்டரிலும் காரிலும் வருகிறார்கள். காலியான நிலம் என்று சொல்ல நிலையத்தைச் சுற்றி அதிகம் இல்லை.

இங்கேதான் இயந்திரத்தின் கணக்கு இனிக்கிறது. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் போதும், அதாவது 12.5 சதுர மீட்டர். ஆனால் நாமே ஓட்டிப்போய் நிறுத்தும் பல மாடிக் கட்டடத்தில் சரிவுப்பாதை, திரும்பும் இடம், கதவு திறக்கும் இடைவெளி எல்லாம் சேர்ந்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் வரை போய்விடுகிறது. ஓட்டுநர் கீழேயே இறங்கிவிட, இயந்திரம் காரை மட்டும் மேலே கொண்டுபோனால், அந்த மீதி இடம் முழுக்க மிச்சம். இரண்டு மூன்று கிரவுண்டு நிலத்தில் நூறு கார்களை அடுக்கிவிடலாம் என்று விளம்பரப் படங்கள் காட்டுவதில் பொய் இல்லை.

இந்த இயந்திரங்களில் பல வகை உண்டு. நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதிகம் தெரிந்தது ‘ஸ்டாக் பார்க்கிங்’: ஒரு தட்டு ஹைட்ராலிக் விசையால் மேலே போகும், கீழே இன்னொரு கார் நிற்கும். மேலே உள்ள காரை இறக்க வேண்டுமானால் கீழே உள்ளவர் தன் காரை எடுத்தாக வேண்டும். அடுத்தது ‘பஸிள் பார்க்கிங்’. எண்கள் எழுதிய சிறு கட்டைகளை ஒரே ஒரு காலி இடத்தை வைத்துக்கொண்டு நகர்த்தி அடுக்கும் குழந்தைகள் விளையாட்டு ஒன்று உண்டல்லவா, அதே தத்துவம்: ஒரு நிரல் காலியாக இருக்கும், கீழ்த்தட்டுகள் பக்கவாட்டில் நகரும், மேல்தட்டு இறங்கும். மூன்றாவது, கோபுரம்: நடுவில் ஒரு லிஃப்ட், இருபுறமும் அறைகள். ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் நகரில் ஃபோக்ஸ்வாகன் கட்டிய இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள் இந்த வகையில் உலகப்புகழ் பெற்றவை. ஒவ்வொன்றிலும் 400 கார்கள் நிற்கின்றன. ஆனால் அவை விற்பனைக்குத் தயாரான புதிய கார்களை வைத்திருந்து, வாங்க வருகிறவர்களிடம் ஒப்படைப்பதற்கான கோபுரங்கள். யார் எப்போது வந்து எடுப்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த இடம் அது. கடைத்தெருவில் அந்த வசதி கிடையாது.

எப்போது வருவார்கள் என்ற கேள்விதான் இந்த விஷயத்தின் முடிச்சு. ஒரு லிஃப்ட் ஒரு காரை இறக்கி, வெளியே விட்டு, அடுத்ததற்குத் தயாராக இரண்டு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கார்கள். மாலை முழுவதும் ஒருவர் பின் ஒருவராகக் கடைக்கு வந்து போனால் இது தாராளம். ஆனால் முகூர்த்த நாளில் வரவேற்பு முடிந்து 60 குடும்பங்கள் இரவு ஒன்பது மணிக்கு ஒன்றாக வெளியே வந்தால், கடைசிக் குடும்பம் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். கைக்குழந்தை தூங்கியிருக்கும், பாட்டிக்குக் கால் வலிக்கும். இந்தக் கணக்கைப் போட யாருக்கும் பொறியியல் பட்டம் தேவையில்லை. லிஃப்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் காத்திருப்பு குறையும், செலவு ஏறும். டெண்டரில் ‘இத்தனை கார் கொள்ளும்’ என்று பெரிதாகப் போடும் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஒரு மணி நேரத்தில் இத்தனை கார் வெளியேறும்’ என்ற எண்ணையும் போட்டால் பாதி விவாதம் தெளிந்துவிடும்.

காரின் உருவமும் மாறிவிட்டது. சிறிய கார்களையும் செடான்களையும் மனத்தில் வைத்துக் கணக்கிட்ட தட்டுகளுக்கு இன்று சாலையில் ஓடும் வண்டிகள் பொருந்துவதில்லை. இந்தியாவில் இப்போது விற்கும் பயணிகள் கார்களில் பாதிக்கு மேல் உயரமான எஸ்.யூ.வி. போன்ற வண்டிகள். உயரமும் எடையும் கூடிய வண்டிக்குத் தட்டில் இடமில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால், அந்தக் குடும்பம் இன்னொரு முறை அந்தப் பக்கம் வராது. பத்துப் பேரிடம் சொல்லவும் செய்யும்.

நம் மாநிலத்தில் இத்தகைய நிறுத்தங்களுக்கு இரண்டு பெரிய சோதனைகள் நடந்திருக்கின்றன. தியாகராய நகரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டபோது, சாலையோரத்தில் நின்ற வண்டிகளை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்குப் பதிலாகத் தணிகாசலம் சாலையில் சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் சுமார் 40 கோடி ரூபாயில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டப்பட்டு, 2021இல் திறக்கப்பட்டது. இருநூற்றுக்கும் மேற்பட்ட கார்கள், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இருசக்கர வாகனங்கள் அதன் கொள்ளளவு. கோயம்புத்தூரில் ஆர்.எஸ். புரம் டி.பி. சாலையில் ஏறக்குறைய அதே செலவில், அதே திட்டத்தின்கீழ் இன்னொன்று வந்தது. இரண்டைப் பற்றியும் பின்னர் வந்த செய்திகள் ஒரே குரலில் பேசின: உள்ளே இடம் காலி, வெளியே தெருவில் வண்டிகள். டெல்லி நமக்கு முன்பே இதைப் பார்த்துவிட்டது. சரோஜினி நகர் சந்தையை ஒட்டி 800க்கும் மேற்பட்ட கார்களுக்கும், கன்னாட் பிளேஸ் பக்கத்தில் பாபா கரக் சிங் சாலையில் 1,400க்கும் மேற்பட்ட கார்களுக்கும் தானியங்கி நிறுத்தங்கள் சென்ற பத்தாண்டின் தொடக்கத்திலேயே வந்தன. அவையும் ஆண்டுக்கணக்கில் நிரம்பாமலே கிடந்தன.

ஏன் காலி? இயந்திரத்தின் மீதான பயம் என்று சொல்வது எளிது. ஆனால் தெருவில் இலவசமாகவோ மணிக்கு இருபது ரூபாய்க்கோ கடை வாசலிலேயே இடம் கிடைக்கும்போது, கொஞ்ச தூரம் தள்ளிப் போய், காசும் கொடுத்து, திரும்பி வரும்போது காத்தும் நிற்க யார் தேர்ந்தெடுப்பார்கள்? 2005இல் வந்த ‘தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்’ என்ற நூலில் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் வாதாடியது இதைத்தான்: தெருவோர இடத்தை அதன் மதிப்புக்குக் கீழே கொடுக்கும் வரை, எவ்வளவு கட்டினாலும் இடம் போதாது என்றே தோன்றும். 2006இல் இந்திய அரசின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் பார்க்கிங் கட்டணம் நிலத்தின் மதிப்பைப் பிரதிபலிக்க வேண்டும் என்று எழுதியது. அதே கொள்கை நகர மையங்களில் பல அடுக்கு நிறுத்தங்களையும் வலியுறுத்தியது. நம் நகரங்கள் இரண்டாவது வரியை மட்டும் எடுத்துக்கொண்டன; கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டலாம், திறப்பு விழா நடத்தலாம்; தெருவுக்குக் கட்டணம் போட்டால் வாக்குதான் போகும்.

மும்பை மாநகராட்சி வேறு வழியில் முயன்றது. 2019 ஜூலையில், பொது வாகன நிறுத்தங்களைச் சுற்றி 500 மீட்டருக்குள் தெருவில் வண்டி விட்டால் குறைந்தது 5,000 ரூபாய் அபராதம் விதிக்கத் தொடங்கியது. மக்கள் கொதித்தார்கள். கொதிப்பில் நியாயம் இருந்தது என்றாலும், கட்டடத்தையும் தெருவையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற மையக் கருத்து சரியானது. அதை இவ்வளவு கடுமையாகவும் திடீரென்றும் செய்யாமல், முதலில் நடைபாதையைச் சீர்செய்து, கட்டணத்தைப் படிப்படியாக ஏற்றிச் செய்திருக்கலாம்.

இனி இரண்டாவது கேள்வி. நின்றுபோனால் யாரைக் கேட்பது?

புறநகர் ரயில் நிலையங்களை ஒட்டிய ஸ்டாண்டுகளில் பல வருடமாக ஒரு நம்பிக்கை ஏற்பாடு நடந்துவருகிறது. காலை ஆறரை மணிக்கு ஸ்டாண்டுக்காரர் டோக்கனைக் கிழித்துக் கொடுப்பார். மாதப் பாஸ் வைத்திருப்பவரை முகம் பார்த்தே உள்ளே விடுவார். பெட்ரோல் திருடு போவதும் ஹெல்மெட் காணாமல் போவதும் அங்கேயும் உண்டு. இரவு கடைசி ரயிலுக்கு வருகிறவருக்கு வண்டியை நகர்த்தி வழிவிடுவதற்காவது ஓர் ஆள் நிற்பார் என்பது மட்டும் உறுதி. சண்டை போட ஓர் ஆள் இருக்கிறார் என்பதே பெரிய பாதுகாப்பு. இயந்திர வாசலில் அந்த ஆளுக்குப் பதில் ஒரு திரையும் ஓர் அழைப்பு எண்ணும் இருக்கின்றன. அந்த எண்ணை எடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது.

இது வெறும் மனக்குறை என்று தோன்றினால், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோபோகன் நகரில் நடந்ததைப் படிக்க வேண்டும். கார்டன் தெருவில் 2002இல் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கார்களுக்கான தானியங்கி நிறுத்தம் திறக்கப்பட்டது. அந்த நாட்டில் அந்த வகையில் முன்னோடி. தொடக்க ஆண்டுகளில் கார்கள் கீழே விழுந்த விபத்துகளும் உண்டு. 2006இல் நகர நிர்வாகத்துக்கும் அதை இயக்கிய நிறுவனத்துக்கும் ஒப்பந்தத் தகராறு முற்றியது. கட்டடம் நகரத்துடையது, அதை இயக்கும் மென்பொருள் நிறுவனத்துடையது. உரிமம் முடிந்தது, இயந்திரம் நின்றது, நூற்றுக்கணக்கான கார்கள் உள்ளே சிக்கின. வழக்கும் பேச்சுவார்த்தையும் நடந்தபின்தான் வழி பிறந்தது. ஃப்ளோரிடா மாநிலம் மயாமியில் பிரிக்கல் ஹவுஸ் என்ற உயர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கதை இன்னும் கசப்பானது. ரோபோ பார்க்கிங் என்று சொல்லி வீடு விற்றார்கள். அதை அமைத்த நிறுவனம் 2015இல் திவாலானது. அந்த ஆண்டே நிறுத்தமும் மூடப்பட்டது. குடியிருப்பவர்கள் கார்களை வேறெங்கோ விட்டு நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். இரண்டிலும் இரும்பும் லிஃப்டும் மட்டுமே குற்றவாளிகள் அல்ல. ஒப்பந்தம் முறிந்தால் சாவி யார் கையில் என்று முன்கூட்டி யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்தியச் சட்டத்தில் இதற்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது. டெல்லி தாஜ் மஹால் ஓட்டலில் 1998இல் பணியாளரிடம் சாவி கொடுத்து நிறுத்திய மாருதி ஜென் கார் திருடு போனது. அந்த வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சாவியையும் காரையும் ஒப்படைத்த பிறகு ஓட்டல் அதைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது, ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று டோக்கனில் அச்சிட்டுவிட்டுத் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. இயந்திர நிறுத்தத்தில் ஓட்டுநர் காரை விட்டு இறங்கிய நொடியிலிருந்து கார் முழுக்க இயக்குபவர் கையில்தான் இருக்கிறது. நாம் அதைத் தொடக்கூட முடியாது. அப்படியானால் கீறல், நசுங்கல், தாமதம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவருக்கே என்று வாசலில் தமிழில் எழுதி வைப்பதற்கு எந்த மாநகராட்சியும் தயங்கக் கூடாது. அந்த ஒரு பலகை, பல விழிப்புணர்வுக் கூட்டங்களைவிட அதிகம் செய்யும் என்பது என் உறுதியான எண்ணம்.

தாம்பரத்தில் பொறுப்பின் சிக்கல் இன்னும் கூடுதல். ரயில் நிலைய வளாகம் தெற்கு ரயில்வேயுடையது. ஜி.எஸ்.டி. சாலை நெடுஞ்சாலைத் துறையின் கணக்கு. உள்தெருக்கள் மாநகராட்சியுடையவை. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் நடவடிக்கை எடுப்பது 2022இல் தொடங்கிய தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். இவர்களையெல்லாம் ஒருங்கிணைக்கத்தான் சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. அது வலுவாகச் செயல்படாத இடத்தில், மாநகராட்சி கோபுரம் கட்டும், காவல்துறை தெருவில் கண்டுகொள்ளாது, கோபுரம் காலியாகக் கிடக்கும். தணிகாசலம் சாலையின் பாடம் அதுதான்.

பொது நிறுத்தங்களைவிட அமைதியாக, அதிக வேகத்தில் இந்த இயந்திரங்கள் நுழைந்திருப்பது வீடுகளுக்குள். மேடவாக்கம், பெரும்பாக்கம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் சிறிய மனையில் எழும் அடுக்குமாடிகளில் வாகன நிறுத்த விதியை நிறைவேற்ற ஸ்டாக் பார்க்கிங் எளிய வழி. வீடு வாங்கும்போது அது ஒரு வசதியாகக் காட்டப்படுகிறது. இரண்டு வருடம் கழித்து ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத் (ஏ.எம்.சி.) தொகை யார் பங்கு, மேல்தட்டுக்காரர் மட்டும் கட்டவேண்டுமா, எல்லோரும் சேர்ந்தா என்று சங்கக் கூட்டத்தில் குரல் உயர்கிறது. கீழ்த்தட்டில் நிற்கும் காரின்மேல் எண்ணெய் சொட்டுகிறது. மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் அந்த மோட்டார் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று அப்போதுதான் பார்க்கிறார்கள். குழி தோண்டிக் கீழ்த்தட்டைத் தரைக்குக் கீழே இறக்கும் வகைதான் இங்கே எனக்கு மிகவும் கவலை தருவது. சதுப்பு நிலத்தின் ஓரத்தில், ஏரிகளின் பழைய நீர்ப்பரப்புக்குள் வீடு கட்டிய பகுதிகளில், மழைநீர் முதலில் தேடிப்போவது அந்தக் குழியைத்தான். பம்பு ஓடவேண்டிய நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மேம்பாலத்தில் காரை விட்டவர்களுக்கு இது தெரியும். அனுமதி தரும் அலுவலகங்களும் இதைத் தெரிந்து, வெள்ளம் தேங்கும் பகுதிகளில் குழிவகை இயந்திரங்களுக்குத் தடை போடுவதே சரி.

சுற்றுலாத் தலங்களில் கணக்கு வேறு மாதிரி உடைகிறது. இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போனால், வார நாள் காலையில் நிறுத்தும் இடம் தாராளம். ஞாயிறு மாலை ஊர் பிதுங்கும். வாரத்தில் இரண்டு நாள் நிரம்பி ஐந்து நாள் காலியாக இருக்கும் கோபுரம் தன் பராமரிப்புச் செலவைக்கூட ஈட்டாது. எல்லோரும் கிளம்புவதும் ஒரே நேரத்தில். முன்னே போட்ட 60 கார் கணக்கு இங்கே முகூர்த்த நாளுக்குக் காத்திருப்பதில்லை, வாராவாரம் வரும். உதகையிலும் கொடைக்கானலிலும் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்த வழி கவனிக்கத்தக்கது. 2024 மே முதல் இ-பாஸ், 2025 ஏப்ரல் முதல் எண்ணிக்கை வரம்பு: உதகைக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள், கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வணிகர்கள் எதிர்த்தார்கள், கடையடைப்பும் நடந்தது. ஆனால் மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்ற கேள்வியை அது நேராகக் கேட்டது. ஒரு மலையூரில் பார்க்கிங் கோபுரம் எழுப்புவது, மேலும் வண்டிகளை வரவேற்கும் அழைப்பிதழாகிவிடும் என்ற சந்தேகத்தை நான் பகிர்ந்துகொள்கிறேன்.

மக்கள் சந்தேகம் எல்லா இடத்திலும் சரி என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானில் 1962 முதல், கார் வாங்க வேண்டுமானால் அதை நிறுத்த இடம் இருப்பதற்கான சான்றைக் காவல்நிலையத்தில் பெற வேண்டும். தெருவில் இரவு முழுக்க விட்டுவைக்க வழியில்லை. அதனால் டோக்கியோவின் ஒடுங்கிய மனைகளில் கோபுர நிறுத்தங்கள் சாதாரணக் காட்சி. பலவற்றில் சீருடை அணிந்த பணியாளர் ஒருவர் வாசலில் நிற்கிறார், சுழல்மேடையில் காரைத் திருப்பி வெளிமுகமாக நிறுத்தித் தருகிறார். இயந்திரத்தோடு ஆளும் உண்டு, தெருவில் கண்டிப்பும் உண்டு. இந்த இரண்டும் இல்லாமல் இரும்பை மட்டும் நாம் இறக்குமதி செய்கிறோம்.

நம் பகுதியிலேயே, இயந்திரம் எதுவும் இல்லாமலே இதே அதிருப்தி கிளம்பிய இடம் மீனம்பாக்கம். விமான நிலையத்தின் பல அடுக்கு வாகன நிறுத்தம் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் கொள்ளும், சாதாரணச் சரிவுப்பாதைக் கட்டடம். செயலி வழியாகப் பதிவுசெய்த டாக்ஸியில் ஏற, முனைய வாசலிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு அங்கே நடக்க வேண்டும் என்ற ஏற்பாடு பயணிகளைக் கோபப்படுத்தியது. கட்டணம் பற்றிய புகார்களும் குவிந்தன. அந்தக் கோபத்தில் தொழில்நுட்பத்தின் பங்கு எதுவும் இல்லை. நடக்கும் தூரம், தெளிவில்லாத கட்டணம், கேட்பதற்கு ஆளில்லாமை ஆகிய மூன்றும்தான் காரணம். தானியங்கி நிறுத்தத்தின் மேல் விழும் சந்தேகத்திலும் பெரும்பகுதி இவைதான். இவற்றைச் சரிசெய்தால் மிச்சம் இருக்கும் இயந்திர பயம் மிகச் சிறியது. மாதம் பத்து முறை பயன்படுத்தினால் அது தானாகக் கரையும்.

இன்னொரு விஷயம் கூட்டங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. இங்கே காரோடு பல நேரம் ஓட்டுநரும் வருகிறார். ஆக்டிங் டிரைவரை அழைத்துக்கொண்டு வரும் குடும்பம், கடைக்குள் போனால் அவர் காரில்தான் உட்கார்ந்திருப்பார், சாப்பிடுவார், தூங்குவார். இயந்திர நிறுத்தம் அவரை இறக்கிவிடுகிறது. வெயிலில் அவர் எங்கே போவார்? கழிவறை எங்கே? ஒரு பெஞ்சும் மின்விசிறியும் குடிநீரும் கழிவறையும் கோபுரத்தின் தரைத்தளத்தில் இருந்தால் அந்தக் கோபுரத்தைப் பரிந்துரைக்கும் முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். காரை எங்கே விடுவது என்று முடிவு செய்வதும் பல நேரம் அவர்தான்.

ஆனாலும் தாம்பரத்தின் உண்மையான நெரிசல் காரில் தொடங்குவதில்லை. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையத்தின் நிலத்தடி நிறுத்தம் 324 கார்களுக்கும் 2,769 இருசக்கர வாகனங்களுக்கும் திட்டமிடப்பட்டது. ஒரு காருக்கு எட்டுக்கு மேற்பட்ட ஸ்கூட்டர்கள். தென்புறநகரின் எந்த நிலையத்தை ஒட்டி நின்று பார்த்தாலும் இந்த விகிதம் ஆச்சரியம் தராது. கார்களைத் தூக்கும் இயந்திரத்துக்குப் பல கோடி செலவிட்டு நூறு கார்களைத் தெருவிலிருந்து எடுப்பதும், அதே பணத்தில் கூரையும் விளக்கும் கேமராவும் பெண்களுக்குப் பயமில்லாத வெளிச்சமான பாதையும் உள்ள ஆயிரம் இருசக்கர வாகன இடங்களை நிலையத்தின் கிழக்கிலும் மேற்கிலும் அமைப்பதும் ஒன்றுக்கொன்று சமமான தேர்வுகள் அல்ல. எனக்கு இரண்டாவதில் சந்தேகமே இல்லை. அங்கே ஒரு ஸ்டாண்டுக்காரருக்கும் வேலை இருக்கும்.

கார்களுக்கும் இயந்திரம் வேண்டுமென்று ஒரு நாள் முடிவானால், டெண்டர் திறப்பதற்கு முன் சில வரிகள் எழுதப்பட்டாக வேண்டும். மென்பொருளும் அதன் உரிமமும் மாநகராட்சியின் பெயரில் இருக்கவேண்டும். ஒப்பந்தம் முறிந்தாலும் கார்கள் வெளியே வர வழி இருக்கவேண்டும். ஒரு காரை வெளியே தர அதிகபட்சம் எத்தனை நிமிடம், மீறினால் கட்டணம் திருப்பித் தரப்படுமா என்பது வாசலில் எழுதப்பட வேண்டும். எஸ்.யூ.வி.க்கு எத்தனை தட்டு என்பது வரைபடத்திலேயே இருக்கவேண்டும். ஏ.எம்.சி. ஐந்து வருடத்துக்கல்ல, இயந்திரத்தின் ஆயுளுக்கு. கீழ்த்தட்டு 2015 வெள்ள மட்டத்துக்கு மேலே. மாதாமாதம் எத்தனை கார் நின்றது, எத்தனை முறை பழுதானது என்ற கணக்கை மாநகராட்சி தன் அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். இவற்றோடு, கோபுரம் திறக்கும் அன்றே அதைச் சுற்றிய தெருக்களில் எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது, என்ன கட்டணம் என்பதைக் காவல் ஆணையரகமும் மாநகராட்சியும் சேர்ந்து அறிவித்து நடைமுறைப்படுத்த வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. அதற்குக் கோடிகள் தேவையில்லை. சண்முகம் சாலையிலும் முடிச்சூர் சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் ஒரு வாரம், காலை ஆறு முதல் இரவு பத்து வரை, நிற்கும் ஒவ்வொரு வண்டியையும் எண்ண வேண்டும்: எந்த வகை, எத்தனை மணி நேரம், கடைக்காரருடையதா, வாடிக்கையாளருடையதா, ரயிலுக்குப் போனவருடையதா என்று. நாள் முழுக்க வாசலை அடைத்து நிற்பது கடைக்காரர்களின் சொந்த வண்டிகளே என்று தெரியவந்தால், கோபுரத்தைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வணிகர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசலாம்.